தீயணைப்பு வீரர் ஆக என்ன தகுதி வேணும்? 200 வருஷத்துக்கு முன்பே யோசித்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் கதை

பத்தாம் வகுப்பு தேர்ச்சி. 18 வயது நிரம்பியிருக்கணும். உயரம் 170 செ.மீ. மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரியணும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்கணும். கயிறு ஏறணும்.

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே ஒப்பிப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு உயரத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு.

ஆனால் ஒரு கேள்வி. தீயை அணைக்க தண்ணீர் போதாதா? இதற்கு எதற்கு வயது வரம்பு, கயிறு, பயிற்சி, சான்றிதழ்? யார் இதையெல்லாம் முதலில் யோசித்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னாடியே போனால், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 24 வயது இளைஞர் ஒருவரிடம் போய் நிற்போம். பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். தீயணைப்பு என்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்த காலத்தில், இது படித்துப் பழக வேண்டிய தொழில் என்று சொன்னவர். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியவர். கடைசியில் ஒரு துறைமுகக் குடோன் தீயில் உயிரை விட்டவர். எண்ணூர்க்காரர்கள் இவரைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு காரணமே போதும்.

கட்டடத் தொழில் தெரிந்த பையன்

பிரெய்ட்வுட் 1800-ல் எடின்பரோவில் பிறந்தார். அப்பா மரச்சாமான், கட்டட வேலை எல்லாம் எடுத்துச் செய்தவர். பெரிய குடும்பம். ஊரின் பேர்பெற்ற ராயல் ஹை ஸ்கூலில் படித்துவிட்டு, அப்பாவின் தொழிலிலேயே ஜேம்ஸ் இறங்கினார். சுவர் எப்படி எழும்புகிறது, உத்திரம் எதன் மேல் உட்காருகிறது, எந்தப் பக்கம் பாரம் தாங்கும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே கைப்பழக்கம். பின்னால் இவருடைய தீயணைப்பு அறிவு முழுக்க இதிலிருந்துதான் கிளம்பியது.

அந்தக் காலத்தில் தீயணைப்பு எப்படி நடந்தது தெரியுமா? தீக்காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு வண்டி, கொஞ்சம் ஆட்கள் வைத்திருந்தன. எங்காவது புகை தெரிந்தால் எல்லோரும் ஓடுவார்கள். அங்கே போன பிறகு யார் சொல்வதை யார் கேட்பது என்று தெரியாது. கூட்டம் கூடும், கத்தும், ஆளாளுக்குக் கட்டளை போடும். தீ பாட்டுக்கு எரியும்.

1824-ல் எடின்பரோவில் இந்தத் தனித்தனி வண்டிகளை ஒரே படையாகச் சேர்த்தார்கள். நகராட்சியும் காப்பீட்டு நிறுவனங்களும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. நகராட்சி சார்பில் அமைந்த தீயணைப்புப் படைகளில் உலகிலேயே இதுதான் முதல் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதன் தலைவராக அக்டோபர் மாதம் நியமிக்கப்பட்டவர் பிரெய்ட்வுட். வயது 24.

சேர்ந்த சில வாரத்திலேயே பெரிய தீ

ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 1824 நவம்பர் 15 இரவு, எடின்பரோவின் பழைய நகரப் பகுதியில் செதுக்கு வேலை செய்யும் ஒரு பட்டறையில் தீப்பிடித்தது. அந்த இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பத்து மாடி வரை எழும்பிய பழைய கல் வீடுகள். நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். மரப் படிக்கட்டு, மரத் தளம். நம்ம ராயபுரத்தின் பழைய சந்துகளைச் செங்குத்தாக மேலே இழுத்து விட்டால் எப்படி இருக்கும், அப்படி.

தீ அடங்க நாட்கள் ஆயின. சுமார் 400 குடும்பங்கள் வீடிழந்தன. 13 பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் தீயணைப்பு வீரர்கள். ட்ரான் தேவாலயத்தின் மரக் கோபுரமே எரிந்து விழுந்தது.

பழி யார் மேல் விழும்? புதுசாக வந்த பையன் மேல்தானே. ஆனால் பிறகு நடந்த விசாரணையில் வேறு விஷயம் வெளியே வந்தது. சம்பவ இடத்தில் நீதிபதிகள், நகரப் பெரியவர்கள், காப்பீட்டு அதிகாரிகள் எல்லோரும் வீரர்களுக்கு ஆளுக்கொரு உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஒருவர் இந்தப் பக்கம் தண்ணீர் அடி என்றால், இன்னொருவர் அந்தப் பக்கம் போ என்கிறார். இதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. தீ நடக்கும் இடத்தில் தீயணைப்புத் தலைவர் சொல்வதுதான் உத்தரவு. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இன்றைக்கும் ஒரு குடோன் எரியும்போது அமைச்சரே வந்தாலும், எந்தப் பக்கம் உள்ளே போவது என்று முடிவெடுப்பது களத்தில் இருக்கும் நிலைய அலுவலர்தான். அந்த அதிகாரம் 13 உயிர்கள் போன பிறகு கிடைத்தது.

யாரை எடுத்தார்? எப்படிப் பழக்கினார்?

இனிதான் சுவாரஸ்யம். படைக்கு ஆள் எடுக்க பிரெய்ட்வுட் வைத்த தகுதிகள், அந்தக் காலத்தில் யாரும் யோசிக்காதவை.

முதல் விஷயம், வயது 17 முதல் 25-க்குள். அந்த வயதில் பழக்கினால்தான் உடம்பும் மனசும் பழக்கத்துக்கு வளையும் என்பது அவர் கணக்கு. அடுத்தது, ஏற்கெனவே ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தொழில் என்பதையும் அவரே முடிவு செய்தார். கூரையில் ஓடு வேய்பவர், தச்சர், கொத்தனார், கொல்லர், பிளம்பர்.

ஏன் இவர்கள்? ஓடு வேய்பவருக்கு உயரத்தில் பயமில்லை, சரிவான கூரையில் நடப்பார். தச்சருக்கு எந்தத் தளம் எரிந்தால் எது இறங்கும் என்று தெரியும். கொத்தனாருக்கு சுவரின் விரிசலைப் பார்த்தே நிற்குமா சாயுமா என்று புரியும். கொல்லரும் பிளம்பரும் வண்டியையும் குழாயையும் அந்த இடத்திலேயே சரி செய்வார்கள். ஒரு கட்டடத்தை எழுப்பத் தெரிந்தவர்கள்தான் அது எரியும்போது உள்ளே போகத் தகுந்தவர்கள் என்பது அவர் எண்ணம்.

பயிற்சி எப்போது? வாரம் ஒருமுறை, புதன்கிழமை அதிகாலை 4 மணிக்கு. எடின்பரோ குளிரில்! அந்த நேரத்தில் தெரு காலியாக இருக்கும், வேடிக்கை பார்க்க ஆள் வராது. இருட்டில் வேலை செய்தும் பழகும். தீ என்ன வெளிச்சம் பார்த்தா வருகிறது? ஏணி ஏறுதல், கயிற்றில் இறங்குதல், குழாயை இணைத்தல் எல்லாம் கண் தெரியாமலே கை செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். உடற்பயிற்சிக்குத் தனியாக இடமும் இருந்தது.

இப்போது உடல்திறன் தேர்வில் கயிறு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. படிக்கட்டு எரிந்துபோன வீட்டில் மேலே போகவும் கீழே வரவும் கயிறுதான் வழி. சங்கிலி ஏணி ஒன்றை பிரெய்ட்வுட்டே வடிவமைத்தார். அதற்காக லண்டனின் கலைச் சங்கம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது.

முதல் பாடப்புத்தகம்

1830-ல் பிரெய்ட்வுட் ஒரு புத்தகம் எழுதினார். தீயணைப்பு வண்டிகள், வீரர்களுக்கான பயிற்சி, தீ நடக்கும் இடத்தில் செயல்பட வேண்டிய முறை, இவை பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூலாக இதைச் சொல்வார்கள். அதுவரை இந்த வேலையில் அனுபவம் இருந்தது, பாடம் இல்லை. ஒரு தலைமுறை கற்றது அந்தத் தலைமுறையோடு போய்விடும்.

அவர் வலியுறுத்தியவற்றில் பல, இன்றைக்கும் பயிற்சி மையத்தில் முதல் வாரமே சொல்லித் தருபவை. தெருவில் நின்று ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சுவது வேலைக்காகாது. உள்ளே போய், எரியும் பொருளின் மேலேயே தண்ணீர் விழ வேண்டும். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்கக் கூடாது, தரையோடு தவழ வேண்டும், ஏனென்றால் நல்ல காற்று தரையை ஒட்டித்தான் மிச்சம் இருக்கும். தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. ஒருவர் விழுந்தால் இழுத்துவர இன்னொருவர் வேண்டும்.

கேட்க சாதாரணமாக இருக்கிறதா? வீட்டில் சிலிண்டர் தீ, புகை என்றால் நாமே இதை மறந்து எழுந்து ஓடுவோம். புகையில் தவழ வேண்டும் என்பதை மட்டுமாவது இதைப் படிப்பவர்கள் வீட்டில் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

லண்டனில் கடலோடிகளைத் தேடினார்

பிரெய்ட்வுட்டின் பெயர் லண்டன் வரை போனது. அங்கே பத்து காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1833 ஜனவரி 1 முதல் ஒரே படையை நடத்தத் தொடங்கின. 80 முழுநேர வீரர்கள். தலைவர் பிரெய்ட்வுட். அவ்வளவு பெரிய நகரத்துக்கு 80 பேர்! சாம்பல் நிறச் சீருடை, தோல் தலைக்கவசம். மக்கள் இந்த வீரர்களுக்கு அவர் பெயரையே சுருக்கி 'ஜிம்மி பிரெய்டர்கள்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே தகுதிப் பட்டியலை மாற்றினார். எடின்பரோ வீரர்கள் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே தீ வந்தால் ஓடி வருபவர்கள். லண்டனில் இது முழுநேர வேலை. ராத்திரி பகல் காவல், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத வாழ்க்கை. தச்சரும் கொத்தனாரும் இதற்கு ஒத்துவரவில்லை. பிரெய்ட்வுட் கப்பலில் வேலை பார்த்தவர்களை எடுக்க ஆரம்பித்தார்.

கடலோடிக்கு முறை போட்டு விழித்திருப்பது பழக்கம். பாய்மரத்தில் ஏறியவருக்கு ஏணி பெரிய விஷயமே இல்லை. கயிற்றில் முடிச்சு போட சொல்லித் தர வேண்டாம். முக்கியமாக, ஆபத்து நேரத்தில் ஏன் எதற்கு என்று நிற்காமல் உத்தரவுக்குக் கட்டுப்படுவார்கள். அவருக்குப் பின் வந்த தலைவரும் இதே வழியில் பல வருடங்கள் கடலோடிகளையே தேர்ந்தெடுத்தார்.

இந்த இடத்தில் எண்ணூர் குப்பங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தாத்தா, அப்பா, பையன் என்று கயிறும் வலையும் படகுமாக வளர்ந்தவர்கள். இருட்டில் கடலுக்குப் போய்ப் பழகியவர்கள். பிரெய்ட்வுட் இன்று இங்கே ஆள் எடுக்க வந்தால் முதலில் இவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார். நம்ம தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. கடல் அனுபவத்துக்கு அப்படி ஒரு கட்டம் விண்ணப்பத்தில் இல்லை. ஏன் இருக்கக் கூடாது என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

நாடாளுமன்றம் எரிந்த இரவு

1834 அக்டோபர் 16. பிரிட்டன் நாடாளுமன்றக் கட்டடம் பற்றி எரிந்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். பழைய காலத்தில் வரவு செலவு குறிக்கப் பயன்பட்ட மரக் குச்சிகள் வண்டி வண்டியாகக் கிடந்தன. அவற்றை ஒழிக்க பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். சூடு அதிகமாகி கட்டடமே போய்விட்டது.

அந்தக் கட்டடத்துக்குக் காப்பீடு கிடையாது. பிரெய்ட்வுட்டின் படைக்குச் சம்பளம் கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள். கணக்குப்படி அவர் போயிருக்கத் தேவையே இல்லை. ஆனால் போனார். முழுக் கட்டடத்தையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், 700 வருடத்துக்கும் மேல் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பலத்தைக் குவித்தார்கள். காற்றும் கொஞ்சம் திசை மாறி உதவியது. மண்டபம் தப்பித்தது, இன்றும் நிற்கிறது.

இதற்குப் பிறகும் அரசு பாடம் கற்கவில்லை. இந்தப் படையை அரசே நடத்தட்டும் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது, அரசு கைகழுவிவிட்டது. படை காப்பீட்டு நிறுவனங்களின் காசிலேயே ஓடியது. அவர்களுக்கு முக்கியம் சொத்து. மேல்மாடியில் மாட்டிக்கொண்ட மனிதர்களை மீட்கும் ஏணிகளை ஒரு தனித் தொண்டு அமைப்பு தெருவோரங்களில் நிறுத்தி வைத்திருந்தது. உயிருக்குத் தொண்டு நிறுவனம், சரக்குக்குச் சம்பளப் படை. படிக்கும்போதே ஒரு மாதிரி இருக்கிறதா? லண்டன் முப்பது வருடங்களுக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

குடோன்கள் பற்றி எச்சரித்தார்

பிரெய்ட்வுட்டுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது தேம்ஸ் நதிக்கரைக் குடோன்கள். உலகம் முழுவதிலிருந்தும் கப்பலில் வரும் சரக்கு அங்கேதான் குவியும். இந்தியாவிலிருந்து போன சணல், பருத்தி, வெடியுப்பு, அரிசி எல்லாமே அப்படிக் குவிந்தவைதான். நம்ம ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது இதே காலத்தில்தான். துறைமுகம், ரயில், குடோன் எல்லாம் ஒரே வியாபாரத்தின் பல கைகள்.

குடோன் கட்டடங்கள் பெரிதாகிக்கொண்டே போனால் எந்தப் படையாலும் தீயைப் பிடிக்க முடியாது என்று அவர் பல வருடங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டடத்தின் கொள்ளளவுக்கு வரம்பு வேண்டும், நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும், அறைகளுக்கு இடையே இரும்புக் கதவு வேண்டும், அந்தக் கதவு மூடியே இருக்க வேண்டும். ஒரு வீரனை எவ்வளவு பழக்கினாலும், அவன் ஹோஸில் வரும் தண்ணீர் போய்ச் சேரும் தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஓரளவு சட்டமும் வந்தது. நதிக்கரையில் அது எந்த அளவு நடைமுறைக்கு வந்தது என்பதை 1861 காட்டியது.

டூலி தெரு, 1861 ஜூன் 22

சனிக்கிழமை மாலை சுமார் 5 மணி. லண்டன் பாலத்துக்கு அருகே, டூலி தெருவை ஒட்டிய காட்டன்ஸ் வார்ஃப் குடோனில் புகை. உள்ளே சணல், பருத்தி, விலங்குக் கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு, மசாலாப் பொருட்கள். ஈரமான நார் மூட்டை தானாகவே சூடேறிப் பற்றியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. அறைகளுக்கு நடுவே இருந்த இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தன. தீ அறை அறையாகப் போக யாரும் தடுக்கவில்லை.

பிரெய்ட்வுட்டும் ஆட்களும் வந்தார்கள். குழாயில் தண்ணீர் வர நேரமானது. நதியில் அப்போது நீர்மட்டம் தாழ்ந்திருந்தது. மிதக்கும் தீயணைப்புப் படகு வந்தது, ஆனால் அந்தச் சூட்டில் நெருங்க முடியவில்லை. உருகிய கொழுப்பு எரிந்தபடியே நதியில் ஓடியது. பாலத்தின் மேலும் கரையிலும் ஆயிரக்கணக்கான பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தீப்பிடித்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. சூட்டில் துவண்டு போயிருந்த வீரர்களிடம் பிரெய்ட்வுட் நேரில் போனார். களைப்பு தீர அவர்களுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுத்துவிட்டு, ஒவ்வொரு குழுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் ஒரு குடோனின் சுவர் மொத்தமாகச் சாய்ந்தது. அவர் அடியில் சிக்கினார். அவரோடு இன்னொரு வீரரும் இறந்தார். வயது 60. சுவரைப் பார்த்தே நிற்குமா சாயுமா என்று சொல்லத் தெரிந்த மனிதர்.

உடலை எடுக்கவே இரண்டு நாள் ஆனது. தீ முழுதாக அணைய இரண்டு வாரம். நஷ்டம் அந்தக் காலத்து மதிப்பில் சுமார் 20 லட்சம் பவுண்ட்.

இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் போனதாகப் பதிவு இருக்கிறது. லண்டன் தேவாலய மணிகள் ஒலித்தன. அபினி பார்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள், அவருடைய மனைவியின் முதல் திருமணத்து மகனுக்கு அருகிலேயே. அந்த மகனும் தீயணைப்பு வீரர். 1855-ல் ஒரு தீ விபத்தில் இறந்தவர். வளர்ப்பு மகனை அந்த வேலையில் பறிகொடுத்த பிறகும் பிரெய்ட்வுட் ஆறு வருடம் அதே வண்டியில் போயிருக்கிறார்.

அவர் இறந்த பிறகுதான் சட்டம்

இவ்வளவு பெரிய நஷ்டத்தைப் பார்த்ததும் காப்பீட்டு நிறுவனங்கள் கை விரித்துவிட்டன. படையை இனிமேல் நாங்கள் நடத்த முடியாது என்று அரசிடம் சொல்லிவிட்டன. 1865-ல் சட்டம் வந்தது. 1866 முதல் லண்டனுக்கு மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பெருநகரத் தீயணைப்புப் படை. தலைவர் ஏர் மாஸி ஷா. உயிரைக் காப்பாற்றும் ஏணிகளும் அதே படையின் கீழ் வந்தன. பிரெய்ட்வுட் எழுதி வைத்த பயிற்சி முறை புதிய படைக்கும் அடித்தளமானது.

சென்னைக்குத் தீயணைப்புத் துறை வந்தது 1908-ல். பிரிட்டிஷ் காலத்துப் படைகளின் அமைப்பு, கவாத்து, கட்டளை முறை எல்லாம் லண்டன் வழியில்தான் இங்கே வந்தன.

பிரெய்ட்வுட் பயந்த அதே காட்சி இந்தியாவிலும் நடந்தது. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக். ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே பருத்தி மூட்டைகள். பருத்தியில் தீ. அணைக்கப் போன வீரர்கள் கப்பலோடு சேர்ந்து சிதறினார்கள். 66 தீயணைப்பு வீரர்கள் பலி. தமிழ்ப் புத்தாண்டு அன்று நம்ம ஊர் ஃபயர் ஸ்டேஷன்களில் கொடி தாழ்த்தி அஞ்சலி செலுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது இவர்களுக்காகத்தான். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்.

இப்போ என்ன படிக்கணும், எந்தச் சான்றிதழ் செல்லும்?

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளராகச் சேர தனியாக எந்தச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் பத்தாம் வகுப்புதான் அடிப்படைக் கல்வித் தகுதி. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளையே திருத்த மாட்டார்கள். பிறகு உடற்கூறு அளவு, ஓட்டம், கயிறு, தாண்டுதல். தேர்வானவர்களைத் துறையே பயிற்சிக்கு அனுப்பும். தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. உச்ச வயது வரம்பும் தளர்வும் பிரிவுக்குப் பிரிவு மாறும், அந்தந்த வருட அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம், எரிவாயு முனையம் போன்றவற்றின் சொந்தத் தீயணைப்புப் பிரிவில் வேலை என்றால் கதை வேறு. அங்கே சான்றிதழ் கேட்பார்கள். நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரி இதற்குப் பெயர்பெற்றது. 1956-ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி அடுத்த வருடமே நாக்பூருக்கு மாறிய மத்திய அரசுக் கல்லூரி. சப் ஆபீசர், ஸ்டேஷன் ஆபீசர் படிப்புகளும் தீயணைப்புப் பொறியியல் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. கனரக வாகன ஓட்டுநர் உரிமம் இருந்தால் பல இடங்களில் கூடுதல் வாய்ப்பு. வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. தரநிலையைக் கேட்பதுண்டு. தொழில்முறைத் தீயணைப்பு வீரருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்த என்.எஃப்.பி.ஏ. 1001 தரநிலை 1974-ல் வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்று போர்டு மாட்டி, சில மாதத்தில் டிப்ளமோ, உடனே வேலை என்று சொல்பவர்களிடம் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போக நினைக்கும் நிறுவனத்தின் பழைய வேலை அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். எந்தக் கல்லூரியின் எந்தப் படிப்பு என்று அதில் பெயரோடு போட்டிருப்பார்கள். உங்கள் டிப்ளமோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா? அந்தப் பயிற்சியில் புகை அறை உண்டா, ஏணி, ஹோஸ் கையில் கொடுப்பார்களா, இல்லை நோட்ஸ் மட்டும்தானா? இதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எண்ணூரில் தீயணைப்பு வீரருக்குத் தெரிய வேண்டியது இன்று தண்ணீரும் ஏணியும் மட்டும் இல்லை. காமராஜர் துறைமுகம், நிலக்கரி, எண்ணெய்க் குழாய்கள், 2019-ல் வந்த திரவ இயற்கை எரிவாயு முனையம், பக்கத்தில் மணலி. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அன்றைக்கு எரியும் தீ எதுவும் இல்லை. காற்றுதான் எதிரி. அந்தக் காற்றுக்குள் ஒருவர் போக வேண்டுமானால் சுவாசக் கருவி வேண்டும், அதை மாட்டிக்கொண்டு வேலை செய்த பழக்கம் வேண்டும்.

பிரெய்ட்வுட் இதையும் விட்டுவைக்கவில்லை. நிலவறைப் புகைக்குள் போக, தலையோடு உடம்பை மூடும் ஒரு தோல் அங்கி லண்டன் படையில் இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி. வெளியே நிற்கும் வண்டியின் பம்பிலிருந்து ஒரு குழாய் வழியாக உள்ளே காற்று போகும். இன்றைக்குப் பயிற்சி மையத்தில் முதுகில் சிலிண்டர் மாட்டி, கண் தெரியாத புகை அறைக்குள் இரண்டு இரண்டு பேராகத் தவழ விடுகிறார்களே, அதன் தாத்தா அந்தத் தோல் அங்கி.